உஷார்! பிடோக்கில் மரத்தடியில் கிடப்பதெல்லாம் வாதாங்கொட்டை அல்ல

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள், வீட்டு வேலைக்கு வந்திருக்கும் சகோதரிகள், ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் காற்று வாங்க வரும் கட்டுமானத் தம்பிகள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். படிக்க நேரமில்லாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள். சிங்கப்பூரின் பிடோக்கில் புளோக்குக்குக் கீழேயோ, நடைபாதை ஓரத்திலோ, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் மணலிலோ, நீர்த்தேக்கக் கரையிலோ கிடக்கும் கொட்டையையும் பழத்தையும் எடுத்து வாயில் போடாதீர்கள். பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

இதென்ன பெரிய விஷயம், ஊரில் நாங்கள் தின்னாத கொட்டையா என்று கேட்பீர்கள். ஆபத்து அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வாதாங்கொட்டை மரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட வாசல்களில் நிற்குமே, அடுக்கடுக்காகக் கிளை விரித்து, இலை சிவந்து உதிர்க்கும் அதே மரம். இங்கே அதற்குக் கெதாப்பாங் என்று பெயர். காய்ந்த காயைக் கல்லால் உடைத்து உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துத் தின்று வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இந்த மரம் நிறைய இருக்கிறது. காய்கள் புல்லில் உதிர்ந்து கிடக்கும். பார்த்ததும் கை தானாகக் கல்லைத் தேடும்.

அதே கடற்கரைக் காற்றில், அதே உப்பு மண்ணில், இன்னொரு மரமும் செழிப்பாக வளர்கிறது. நீளமான பளபளப்பு இலை, நடுவில் மஞ்சள் அல்லது சிவப்புக் கண் வைத்த வெள்ளைப் பூ, மாங்காய் மாதிரி உருண்ட பச்சைக் காய். இதன் பெயர் பொங் பொங். தமிழில் காட்டரளி, உதளை என்பார்கள், கேரளத்தில் ஒதளம். சிங்கப்பூரில் நிழலுக்காகச் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் பரவலாக நட்டிருக்கிறார்கள். காய் மரத்தில் பச்சையாக இருக்கும்வரை அதை வாதாங்கொட்டை என்று யாரும் நினைக்கப்போவதில்லை. கீழே விழுந்து, மேல்தோல் அழுகிப்போய், வெயிலில் காய்ந்து, நார் நாராகக் கிடக்கும்போதுதான் வினை. இரண்டுமே நார்க்கூடு, இரண்டுமே கடலில் மிதந்து கரை ஒதுங்கும், இரண்டுக்குள்ளும் வெள்ளைப் பருப்பு. வாதாங்கொட்டை சற்றுத் தட்டையாக, ஓரம் கூர்ந்து, படகு போல இருக்கும். பொங் பொங் பெரியது, உருண்டையானது. கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை அப்படி ஒப்பிட்டுப் பார்க்குமா?

பொங் பொங் பருப்பில் இருக்கும் நஞ்சுக்குச் செர்பெரின் என்று பெயர். இதயத் தசையின் ஒவ்வொரு உயிரணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. செர்பெரின் அதை முடக்கிவிடும். முதலில் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். நாடி தாறுமாறாகும், பிறகு மெதுவாகும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாத நஞ்சு இது. கேரளத்தில் 1989 முதல் 1999 வரையிலான பத்தாண்டில் இந்த ஒரு மரத்தின் நஞ்சால் 500க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதை 2004ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. மடகாஸ்கர் தீவில் இதே இனத்து மரத்தின் கொட்டையைத்தான் ஒருகாலத்தில் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குக் கொடுத்தார்கள். பிழைத்தால் நிரபராதி. ஆயிரக்கணக்கானவர்களைப் பலிவாங்கிய அந்த வழக்கத்தை 1863ல் மன்னர் இரண்டாம் ராடாமா தடைசெய்தார். அந்த வம்சத்து மரம்தான் நம் பேருந்து நிறுத்தத்துக்கு நிழல் தருகிறது.

மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல நிழல், அழகான பூ, உப்புக் காற்றையும் தாங்கும். வெட்டச் சொல்லவில்லை. வாயில் வைக்காமல் இருந்தால் அது யாரையும் ஒன்றும் செய்யாது.

நாம் மறந்துவிடும் ஒரு சங்கதி உண்டு. ஊரில் வழியோரம் நிற்கும் புளி, நாவல், இலந்தை எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்து, தெரிந்து, விட்டுவைத்த மரங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவோ 1966ல் தொடங்கிய நிலமீட்புத் திட்டத்தில் கடலைத் தூர்த்து எடுத்த மண். பிடோக் நீர்த்தேக்கம் முன்பு மணல் அள்ளிய குழி. இந்த இடங்களில் மரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிழலையும், பூவையும், வேர் மண்ணைப் பிடிக்கிறதா என்பதையும்தான் பார்த்தார்கள். காய் தின்ன உதவுமா என்பது அவர்கள் கணக்கில் பெரும்பாலும் இல்லை. அங்கங்கே மாவும் ஜம்புவும் நிற்பது உண்மைதான். அதை வைத்து மற்ற மரங்களையும் நம்பிவிடக் கூடாது. ஊரில் கற்ற அறிவு ஊர் மரத்துக்குச் செல்லும். இந்த மண்ணில் அது பாதி அறிவு.

அந்தப் பாதி அறிவில் முக்கியமாக மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. மூன்றும் இங்கே ஆளைக் கவிழ்க்கும்.

ஒன்று, பறவை தின்றால் நாமும் தின்னலாம் என்பது. பிடோக்கில் விடியும் முன்பே கூவி எழுப்புகிறதே குயில், அது மஞ்சள் அரளிப் பழத்தைத் தின்னும். மனிதனுக்கும் ஆடுமாட்டுக்கும் நஞ்சான அந்தப் பழம் குயிலை ஒன்றும் செய்வதில்லை. அரளி விதை என்றால் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பெயரைக் கேட்டாலே பயம். பொங் பொங் அந்த அரளிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெயர் மாறியதால் பயம் விட்டுப்போய்விட்டது.

இரண்டு, கசந்தால் விஷம், இனித்தால் நல்லது என்பது. காட்டாமணக்கு விதையைத் தின்ற பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். கடலைப் பருப்பு மாதிரி இருந்தது என்பார்கள். அதனால்தான் ஒரு பிள்ளை தின்று, பக்கத்துப் பிள்ளைக்கும் கொடுத்து, வகுப்பே வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடக்கும் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மலாய்க்காரர்கள் ஜாராக் என்று சொல்லும் அந்தச் செடி இங்கேயும் உண்டு. அதன் உறவுச் செடிகளைச் சிவப்புப் பூவுக்காகவே தோட்டங்களில் வளர்க்கிறார்கள்.

மூன்று, வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. சிலவற்றுக்குச் சரியாகும், சிலவற்றுக்கு ஆகாது. அரளியின் நஞ்சு காய்ந்தாலும் போவதில்லை, கொதித்தாலும் போவதில்லை. பெரானாக்கான் சமையலில் கோழியோடு சேர்த்து வைக்கும் புவா கெலுவாக் கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக அதில் சயனைடு உருவாக்கும் நஞ்சு இருக்கிறது. வேகவைத்து, சாம்பலில் புதைத்து, நாற்பது நாள் வரை ஊறவிட்டு, பிறகும் பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்துத்தான் சட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். சம்பலுக்கு அரைக்கும் புவா கெராஸ் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் பிடுங்கும். இவை எல்லாம் தலைமுறைகள் சேர்த்த கைப்பக்குவம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நம் பெரியவர்களுக்கும் அந்தப் பக்குவம் தெரிந்திருந்தது. தோலை உரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களும் ரப்பர் கொட்டையை உரசிச் சூடுவைத்து விளையாடினார்களே தவிர, பச்சையாகத் தின்னவில்லை. அதிலும் சயனைடு இருக்கிறது. அந்தப் பெரியவர்களின் துணிச்சல் மட்டும் நம்மிடம் வந்திருக்கிறது. பக்குவம் வரவில்லை.

சிவப்பு விதை சேர்க்கும் பழக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பிள்ளைகள் சாகா மரத்தடியில் குனிந்து குனிந்து சிவப்பு விதை பொறுக்குவார்கள். நிறையச் சேர்த்தால் நினைத்தது நடக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. நாம் ஆனைக்குன்றிமணி என்போமே, அந்த மரம்தான். முழுச் சிவப்பு, கறுப்புப் புள்ளி கிடையாது. பச்சையாகத் தின்னத் தகுந்ததல்ல என்றாலும், பாட்டிலில் போட்டு வைக்கலாம். ஆனால் சிவப்பு விதையில் கறுப்பு முனை இருந்தால் அது குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, ஆசாரிகள் பொன் நிறுத்தார்களே, அதே மணி. அதற்குள் இருக்கும் ஆப்ரின் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. ஓடு கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, மாலை கோக்கத் துளை போட்டாலோ ஓடு உடைந்து நஞ்சு வெளிவரும். 2011ல் இங்கிலாந்தின் ஈடன் பூங்கா, குன்றிமணி கோத்த கைவளைகளை விற்றுவிட்டு, பிறகு அவசர அவசரமாகத் திரும்பக் கேட்டது. படிப்பாளிகள் நடத்தும் தாவரப் பூங்காவுக்கே அந்த நிலை. பிள்ளை கொண்டுவரும் விதையை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கறுப்பு முனை கண்ணில் பட்டால் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

அடுத்தது நம் சமையலறைக்கே உரிய ஆபத்து. மணத்தக்காளியும் சுண்டைக்காயும் வேலியோரத்தில் தானாக முளைத்திருப்பதைப் பார்த்தால் எந்தத் தமிழ்ப் பெண்மணிக்கும் கை சும்மா இருக்காது. இரண்டும் இங்கே களையாக வளர்கின்றன. ஆனால் அந்தக் கத்தரிக் குடும்பத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே முகத்தோடு நிற்கும். மணத்தக்காளியிலேயே பச்சைக் காயைக் கைநிறையப் பறித்து அப்படியே தின்றால் வயிற்றுவலியும் மயக்கமும் வரும். மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து வற்றலாக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பது சும்மா அல்ல. சீனப் புத்தாண்டுக்குக் கடைகளில் மஞ்சளாக, ஐந்து விரல் நீட்டியது மாதிரி ஒரு பழம் அலங்காரத்துக்கு விற்பார்கள். அதுவும் கத்தரி இனம்தான், அதுவும் நஞ்சுதான். பண்டிகை முடிந்து குப்பைத்தொட்டி அருகே வீசிய கிளையைப் பிள்ளைகள் எடுத்து விளையாடுவது சகஜம். வேலிகளில் பொன்மணி மாதிரித் தொங்கும் டுராண்டாப் பழமும் அதே மாதிரி ஏமாற்றும். உண்ணிச்செடியின் பச்சைக் காய், வலைக்குள் ஒளிந்திருக்கும் சிறுபூனைக்காலியின் பழுக்காத காய், இரண்டும் வேண்டாம்.

படித்தவர்களும், கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களும் கூட ஏமாந்திருக்கிறார்கள். உடல் மெலிய என்று சொல்லி அமெரிக்காவில் இணையத்தில் ஒரு கொட்டை விற்றார்கள். புவா கெராஸ் என்பதுதான் விளம்பரம். அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் சோதித்தபோது பல பொட்டலங்களில் இருந்தது மஞ்சள் அரளி விதை. 2023லும் 2024லும் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை விட்டார்கள். வியாபாரிக்கே அடையாளம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் விற்றார். இரண்டில் எதுவானாலும் வாங்கியவர் கதி ஒன்றுதான்.

கைபேசிச் செயலியில் படம் பிடித்தால் பெயர் சொல்கிறதே என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். செடியின் பெயர் தெரிந்துகொள்ள அது உதவட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ந்த ஒரு கொட்டையின் படத்தை வைத்து உயிரைப் பந்தயம் கட்டலாமா? 2023ல் கணினியே எழுதித் தள்ளிய காட்டுணவுக் கையேடுகள் அமேசானில் விற்பனைக்கு வந்தபோது, நியூயார்க் காளான் ஆய்வுச் சங்கத்தினர் அவற்றை நம்ப வேண்டாம் என்று அலறினார்கள். அந்த அலறல் நமக்கும் சேர்த்துத்தான்.

மரம் நல்ல மரமாகவே இருக்கட்டும். மாம்பழம்தான், சந்தேகமே இல்லை. அப்போதும் கீழே கிடப்பதை எடுக்காதீர்கள். டெங்கிக் கொசுவுக்காகப் புகையடித்திருப்பார்கள், எலிக்கு மருந்து வைத்திருப்பார்கள், எலியே சிறுநீர் கழித்திருக்கும். வௌவால் பாதி கடித்துப் போட்ட பழத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். 1998ல் மலேசியாவில் தொடங்கிய நிப்பா நோய், வௌவால் கடித்த பழத்தைத் தின்ற பன்றிகளிடமிருந்து மனிதருக்கு வந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் வரலாறு. 1999 மார்ச்சில் அது இங்கேயும் வந்து இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேரைப் பிடித்தது, ஒருவர் இறந்தார். 2018ல் கோழிக்கோட்டில் அதே நோய் வந்தபோது, பறவையோ வௌவாலோ கடித்த பழத்தைத் தின்னாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியவில்லை. பொதுப் பூங்காவில் பழம், பூ, இலை எதையும் அனுமதியில்லாமல் பறிப்பது குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம். புக்கிட் தீமா போன்ற இயற்கை வனப்பகுதியில் என்றால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அரசு நிலத்து மரத்தின் பழம் அரசுக்குச் சொந்தம். கீழே விழுந்ததுதானே என்ற சமாதானமும் எடுபடாது. சண்டை மீன் தொட்டிக்குக் கெதாப்பாங் இலை பொறுக்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் தம்பிகளே, நீங்கள் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். ஒரு பழத்துக்காக அதிகாரிக்கு முன்னால் போய் நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

அதையும் மீறி யாராவது தின்றுவிட்டால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாயில் மிச்சம் இருந்தால் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்தோ, விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் வீடுகளில் இதுதான் முதலில் நடக்கிறது. உப்புத் தண்ணீரே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். 995ஐ அழையுங்கள். பிடோக்கிலிருந்து சாங்கி பொது மருத்துவமனை அதிக தூரமில்லை என்பதற்காக மயங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்சி தேடி நிற்காதீர்கள். தின்ற கொட்டையில் மிச்சம், ஓடு, அந்த மரத்து இலை எது கிடைத்தாலும் பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எவ்வளவு தின்றது என்று சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான வழியில் போக முடியும். அரளி நஞ்சை முறிக்கும் எதிர்மருந்து வேலை செய்கிறது என்பதை இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டிலேயே லான்செட் இதழில் காட்டிவிட்டது. நேரத்தோடு போனால் காப்பாற்ற வழி இருக்கிறது. பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தூங்கிவிடாதீர்கள்.

பறித்துத் தின்னும் ஆசை தப்பில்லை. மண்ணோடு பழகியவர்களுக்கு அது இருக்கத்தான் செய்யும். தேக்கா சந்தையில் மணத்தக்காளிக் கீரையும் சுண்டைக்காயும் கிடைக்கின்றன. கையால் பறிக்க வேண்டும் என்றால், 2005ல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தில் குடியிருப்புப் பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் பகுதித் தோட்டத்தில் சேர்ந்து ஒரு பாத்தியில் நீங்களே போடுங்கள். நீங்கள் நட்ட செடி எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

தேசியப் பூங்காக் கழகம் 2018ல் ட்ரீஸ் எஸ்ஜி என்ற இணைய வரைபடத்தை வெளியிட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நகர மரங்கள், ஒவ்வொன்றும் என்ன இனம் என்ற விவரத்தோடு அதில் இருக்கின்றன. இன்று சாயங்காலம் நடக்கப் போகும் முன் அதைத் திறந்து உங்கள் புளோக்கைச் சுற்றிப் பாருங்கள். பொங் பொங் நின்றால், பிள்ளையை அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காயைக் காட்டி, இதை வாயில் வைக்கக் கூடாது என்று இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.